பற்றரி இறங்கின நாட்கள்

தொண்ணூற்றைந்தில், ஆமி நெருங்குகிறது என்று ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி அறிவித்த அன்று பின்னேரம், என் சைக்கிள் கரியரில் நான் முதலில் கட்டியது பற்றரியை. அதற்கு மேலே உரப்பையில் சுற்றிய அம்ப்ளிபயர். ஹாண்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டேன். மைக்கைத் துவாயில் சுற்றிச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

“அரிசி மூட்டை உள்ளுக்கை கிடக்கு. நீங்கள் உதுகளையோ கட்டுறியள்?”

“அரிசி போற இடத்திலை வாங்கலாம். இது போனால் பேந்து எங்கை வாங்கிறது?”

அவள் உள்ளே போனாள். தலையணை உறை ஒன்றைக் கழற்றி, அதற்குள் நாலைந்து கொத்து அரிசியைப் போட்டுக் கட்டித் தன் தோளில் கொழுவிக்கொண்டாள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. மாமா, அதாவது மனைவியின் தகப்பன், எழுபதைத் தாண்டியவர். காது அறவே கேட்காது. முகத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்து திறந்து சொன்னால்தான் அவருக்கு விளங்கும். எங்கே போகிறோம் என்று அவர் இரண்டு தரம் கேட்டார். நான் கயிறு இறுக்கிக்கொண்டிருந்ததால் மனைவிதான் அவர் முன்னால் போய் நின்று சொன்னாள்.

நான் ஒலிபெருக்கிக்காரன். மானிப்பாய்க்குக் கிட்ட எங்கள் ஊர். எண்பத்துநாலில் பழைய செற் ஒன்றை வாங்கித் தொழிலைத் தொடங்கினேன். கலியாணவீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி என்று வருசம் முழுக்க வேலை இருந்தது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் செற் போட்டிருக்கிறேன். தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்ய வந்த சனத்துக்குள் பிள்ளைகள் கைதவறிப் போகும். மைக்கில் ஒருதரம் சொன்னால் போதும், ஐந்து நிமிசத்தில் தாய் ஈரச்சேலையோடு ஓடிவருவாள். அது எங்கள் வேலையில் மிக இலேசான பகுதி என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூறில் கரண்ட் நின்றது. நின்றது நின்றதுதான். பெற்றோல் இல்லை, புதுப் பற்றரி இல்லை, றேடியோவுக்குப் போடுகிற சின்ன பற்றரிகூட இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்றோடு, உடைந்த கார் ஒன்றில் கழற்றிய ஒல்ரனேற்றரைப் பெல்ற் போட்டு இணைத்தேன். அது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும். பற்றரியில் அம்ப்ளிபயர் ஓடும். மிசின் மண்ணெண்ணெயில் ஓடினாலும் ஸ்ராட் எடுக்கப் பெற்றோல் வேண்டும். கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்திருந்து, பிளக்கைக் கழற்றி ஐந்தாறு சொட்டு விட்டு, திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுப்பேன். முதல் இழுவையில் பிடிக்காவிட்டால் இன்னும் ஐந்து சொட்டு. சில நாட்களில் போத்தல் முடிந்துவிடும், மிசின் பிடிக்காது, மாப்பிள்ளை மணவறையில் இருப்பார், நாதஸ்வரக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு இடத்துக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது மிசினை எங்கே வைப்பது என்பதைத்தான். மைக்குக்குக் கிட்ட வைத்தால் ஐயர் மந்திரம் சொல்ல மிசினும் சேர்ந்து சொல்லும். தூர வைத்தால் வயர் காணாது. வயரை நீட்டினால் வழியிலேயே கரண்ட் குறைந்துவிடும். பிறகு பிளேன் பயம் வந்தது. ஒலிபெருக்கி போட்டால் குண்டு போட வருகிற சத்தம் கேட்காது என்று பலர் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே என் செற்றைப் போட்டுவிட்டு ஒரு கண்ணை வானத்தில் வைத்திருப்பேன்.

மிசினையும் ஒல்ரனேற்றரையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. சைக்கிளில் ஏற்ற முடியாத பாரம். அடுப்பை விட்டுவிட்டுப் பானையை மட்டும் தூக்கிக்கொண்டு போன மாதிரி. அந்த நேரம் அது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே வீதியில் இறங்கியிருந்தது. நாவற்குழிப் பக்கம் போகும்போது நடக்கவில்லை, நின்றோம். ஒரு அடி வைப்போம், பத்து நிமிசம் நிற்போம். மழை விடாமல் பெய்தது. நான் சைக்கிளைத் தள்ள, மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். மாமா சைக்கிள் சீற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தார். கையை எடுக்கவேண்டாம் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். அவரும் எடுக்கவில்லை.

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, பின்னால் வந்த வண்டில் ஒன்றின் சில்லு என் சைக்கிளில் இடித்தது. சைக்கிள் சரிந்தது. கரியரில் கட்டியிருந்த பற்றரி பக்கவாட்டில் சாய்ந்து, மூடிகளுக்கு ஊடாக அசிற் வழியத் தொடங்கியது. என் காலில் பட்டு எரிந்தது. எனக்கு அந்த நேரம் வேறு ஒன்றும் தெரியவில்லை. சைக்கிளை முழங்காலில் தாங்கிக்கொண்டு, குனிந்து, பற்றரியை நிமிர்த்தி, கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். குனிந்தபடியே, “மாமா, சீற்றைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ” என்று சொன்னேன். பற்றரியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

நிமிர்ந்தபோது அவர் இல்லை.

கூப்பிட்டேன். கேட்காத மனிதரைக் கூப்பிட்டேன். சனம் தள்ளியது. திரும்பிப் போக இடமில்லை. ஒருவர் திரும்பினால் பத்துப் பேர் விழுவார்கள். மனைவி, “அப்பா எங்கை? அப்பா எங்கை?” என்று கேட்டுக்கொண்டே முன்னால் தள்ளுப்பட்டுப் போனாள். பாலம் தாண்டியபிறகுதான் அவளைப் பிடித்தேன்.

“சனம் தள்ளிப்போட்டுது” என்று சொன்னேன். “முன்னுக்குப் போயிருப்பார். கைதடியிலை பாப்பம்.”

கைதடியில் அரை நாள் நின்றோம். அவரைக் காணவில்லை. சாவகச்சேரியிலும் இல்லை. மூன்றாம் நாள் காலை மீசாலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துப் பன்னிரண்டு குடும்பம். மேசைகளுக்கு மேலே ஒரு குடும்பம், அதே மேசைகளுக்குக் கீழே இன்னொரு குடும்பம். எங்களுக்குச் சைக்கிள் நிறுத்துகிற கொட்டிலில் ஒரு மூலை கிடைத்தது.

அன்று மத்தியானம் அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் எங்கள் பக்கம் வந்தார். அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கஞ்சிக்கு விறகு தேடித் திரிந்தவர், என் சைக்கிளில் தொங்கிய ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு நின்றார்.

“தம்பி, உது வேலை செய்யுமோ?”

“செய்யும் சேர். ஆனால் பற்றரியிலை அசிற் ஊத்துப்பட்டுப் போச்சுது. எவ்வளவு நேரம் நிக்கும் எண்டு சொல்ல ஏலாது.”

“காலமை துவக்கம் முப்பது பேருக்கு மேலை வந்து பிள்ளையைக் காணேல்லை, தாயைக் காணேல்லை எண்டு அழுகினம். நான் அறை அறையாப் போய்க் கத்துறன். என்ரை தொண்டை அடைச்சுப் போச்சு. ஒருக்காப் போட்டுப் பாப்பமே?”

பற்றரியின் ஆறு மூடிகளையும் கழற்றிப் பார்த்தேன். இரண்டு அறைகளில் தகடுகள் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தன. அசிற் கிடைக்க வழியில்லை. மனைவியிடம் எனாமல் கோப்பை ஒன்றை வாங்கிக் கூரைத் தண்ணீர் படாத இடத்தில் மழைக்கு வைத்துப் பிடித்து, அந்தத் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டேன். தகடு மூடியது. பலம் கூடாது என்பது எனக்குத் தெரியும். கஞ்சிக்குத் தண்ணீர் விட்ட மாதிரித்தான்.

இரண்டு ஸ்பீக்கர் போட்டால் பற்றரி கெதியாக இறங்கும் என்பதால் ஒன்றை மட்டும் போடத் தீர்மானித்தேன். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அதிபருக்கும் எனக்கும் வாக்குவாதம். பள்ளிக்கூடத்துக்குள் திருப்பினால் உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்கும். வீதிக்குத் திருப்பினால் போகிற சனத்துக்குக் கேட்கும். கடைசியில் வாசலில் நின்ற மாமரத்தில் ஏறி, வீதிக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு சாய்வில் கட்டினேன். வயர் காணவில்லை. உடுப்புக் காயப்போடக் கட்டியிருந்த கம்பியை அறுத்து மிச்சத்துக்கு இணைத்தேன். மைக் ஸ்ராண்ட் இல்லாததால் மேசையில் செங்கல் இரண்டை வைத்து நடுவில் மைக்கைச் சாய்த்தேன்.

சுவிச்சைப் போட்டதும் அம்ப்ளிபயரின் சிவப்பு லாம்பு எரிந்தது. ‘ஹலோ’ என்று சொன்னேன். என் குரல் மாமரத்தில் இருந்து வெளிவந்ததும் வீதியில் போன சனம் அப்படியே நின்றது. அந்தக் கணம் எனக்கு ஒரு பெருமை வந்தது. இப்போது அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அரை மணித்தியாலத்துக்குள் வாசலில் வரிசை கூடிவிட்டது. அதிபர் கொப்பித் தாள்களைக் கிழித்துத் துண்டுகளாக்கி ஒவ்வொருவருடைய விபரத்தையும் எழுதித் தந்தார். நான் வாசித்தேன். பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. பச்சைச் சட்டை போட்ட நாலு வயதுப் பெண்பிள்ளை, வலது காலில் செருப்பில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட தாய், நடக்க ஏலாதவர், கதிரையில் தூக்கி வந்தது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று. ஒவ்வொரு துண்டையும் இரண்டு தரம் வாசிப்பது, வாசித்து முடிந்ததும் சுவிச்சை நிற்பாட்டுவது, வந்தவர்கள் ஒருவரும் மைக்கில் கதைப்பதில்லை என்று விதி வைத்தேன். மைக்கில் அழுதால் சத்தம் ஏறும், சத்தம் ஏறினால் லாம்பு மங்கும். அப்படி மங்குவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த விதி.

மாமாவையும் வாசித்தேன். வெள்ளை வேட்டி, நீலத் துவாய், இடது புருவத்தில் தழும்பு, காது கேளாதவர்.

“காது கேக்காத மனுசனுக்கு ஸ்பீக்கரிலை ஏன் சொல்லுறியள்?” என்று மனைவி கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

“அவரைக் கண்ட ஆக்கள் ஆருக்கும் கேக்கும்தானே.”

அவள் போய்ப் பிள்ளைக்குத் தலை துவட்டினாள்.

இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். குருநகர்ப் பக்கத்து ஆள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. மகனைக் காணவில்லை, ஏழு வயது, நீலக் காற்சட்டை, முன்பல் ஒன்று விழுந்தது, கழுத்தில் கறுப்பு நூலில் மாதா பதக்கம். அதிபர் எழுதித் தந்த துண்டை நான் வாசித்தேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னாள்:

“அண்ணை, உங்கடை குரலுக்கு அவன் வரமாட்டான். அவனுக்கு ஆமிப் பயம். மைக்கிலை ஆம்பிளைக் குரல் கேட்டால் ஒளிச்சிடுவான். நான் ஒருக்காக் கதைக்கட்டே?”

“ஏலாது தங்கச்சி. உமக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும். பற்றரி தாங்காது.”

“ஒரு சொல்லு. அவன்ரை பேரை மட்டும்.”

“நான் திரும்பவும் வாசிக்கிறன்.”

அவள் போகவில்லை. மாமரத்தடியில் குழந்தையோடு குந்தியிருந்தாள். அன்று முழுக்க இருந்தாள். ஒவ்வொரு தரமும் நான் சுவிச்சைப் போடும்போது எழும்பி நிற்பாள், நிற்பாட்டும்போது குந்துவாள். மற்றவர்கள் என்னிடம் சண்டை பிடித்தார்கள். என்னுடைய துண்டை ஏன் இன்னும் வாசிக்கவில்லை, அவருடையதை மூன்று தரம் வாசித்தாய், உனக்கு ஆரடா அதிகாரம் தந்தது என்று ஒரு மனிதர் என் சேர்ட்டைப் பிடித்தார். இவள் மாமரத்தடியிலேயே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை என் மனைவி அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். “அவளுக்கு ஒருக்கா விடுங்கோ” என்றாள்.

நான் கூப்பிட்டேன். அவள் குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். சுவிச்சைப் போட்டேன். மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மாமரத்தில் இருந்து அந்தக் குரல் ஒருதரம் நன்றாகவே போனது. பிறகு, “அம்மா இஞ்சை நிக்கிறன் ராசா, பள்ளிக்கூடத்திலை நிக்கிறன், மாமரம் நிக்குது...” என்று சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் கரகரத்தது. குரல் தடித்து, தேய்ந்து, ஒரு தவளைச் சத்தமாகி நின்றுபோனது. சிவப்பு லாம்பைப் பார்த்தேன். ஒரு நெருப்புக்குச்சியின் முனை அணைகிற மாதிரி அணைந்தது.

அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கதைத்துக்கொண்டே இருந்தாள். தம்பி பால் குடிச்சிட்டான், உன்ரை சட்டை என்னட்டைக் கிடக்கு, நான் அடிக்கமாட்டன், வா. அவளுடைய சொந்தக் குரல் எங்கள் நாலைந்து பேருக்கு மட்டும் கேட்டது. அதிபர் என்னைப் பார்த்தார். நிறுத்தவேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். கதைத்து முடித்து, கண்ணைத் திறந்து, “சரி அண்ணை” என்று மைக்கை என்னிடம் தந்தாள். நானும், “சரி” என்று வாங்கி, எரியாத அம்ப்ளிபயரின் சுவிச்சை, எரிகிறதை நிற்பாட்டுகிற மாதிரியே நிற்பாட்டினேன்.

அதற்குப் பிறகு வீதியில் வாகனம் தேடி அலைந்தேன். பற்றரி உள்ள வாகனம் எது கண்டாலும் கையை நீட்டினேன். நின்றவர்கள் குறைவு. அடுத்த நாள் மத்தியானம், பள்ளிக்கூட வாசலுக்குக் கிட்ட ஒரு உழவு ரக்ரர் நின்றது. பின்னால் இழுக்கிற பெட்டி நிறையச் சாமான், அதற்கு மேல் கிழவர்களும் ஆடுகளும். ரக்ரர்காரர் சில்லுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஒரு மணித்தியாலம் உங்கடை பற்றரியிலை என்ரை அம்ப்ளிபயரைக் கொழுவ விடுங்கோ. சனத்தைக் காணேல்லை எண்டு ஐந்நூறு துண்டு கிடக்கு.”

“என்ஜினை நிப்பாட்டிப்போட்டுக் கொழுவினால் பற்றரி இறங்கிப்போம். பேந்து என்னை ஆர் தள்ளுறது?”

“என்ஜின் ஓடட்டும்.”

“டீசல் ஆரிட்டைக் கிடக்கு? கிளாலித் துறைக்குப் போகத்தான் அளந்து வைச்சிருக்கிறன்.”

நான் காலில் விழவில்லை. ஆனால் விழ ஆயத்தமாக நின்றேன். அவர் என் சாரத்தைப் பார்த்தார். அசிற் பட்டு முழங்காலுக்குக் கீழே சாரம் சல்லடை மாதிரி ஓட்டை விழுந்திருந்தது.

“அரை மணித்தியாலம்” என்றார். “அதுக்கு மேலை ஒரு நிமிசமும் ஏலாது.”

ரக்ரர் சத்தம் மைக்குக்குள் வராமல் இருக்க, மைக்கை வகுப்பறை ஒன்றுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். புது உயிர் வந்த மாதிரி சிவப்பு லாம்பு எரிந்தது. இரண்டாவது ஸ்பீக்கரையும் கொழுவினேன். மூச்சு விடாமல் வாசித்தேன். ஒவ்வொன்றையும் ஒருதரம் மட்டும். அந்தப் பெண்ணைத் தேடினேன். அவளே கதைக்கட்டும் என்று. அவள் இல்லை.

“விடியக்காலமையே வெளிக்கிட்டிட்டாள்” என்றாள் மனைவி. “கொடிகாமப் பக்கம் கோயில் கோயிலாப் பாத்துக்கொண்டு போறனெண்டவள்.” அவள் கோயில் என்றது மாதா கோயில்களை.

நீலக் காற்சட்டை, முன்பல் இல்லை, மாதா பதக்கம் என்று நானே வாசித்தேன். முடிந்த அளவு மெல்லிய குரலில், அதட்டாமல். அரை மணித்தியாலம் முடிய ரக்ரர்காரர் வந்து வயரைத் தானே கழற்றினார். துண்டுகளில் முக்கால்வாசி மேசையில் கிடந்தன.

அன்று பின்னேரம் நாலு மணி இருக்கும். ஒரு வயதான மனிதர் ஒரு பொடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலால் வந்தார். நீலக் காற்சட்டை.

“ஸ்பீக்கரிலை சொன்னது உவனைத்தானே? அங்காலை அரிசி மில் விறாந்தையிலை நாலு நாளா இருந்தவன். பேர் கேட்டால் வாய் திறக்கிறான் இல்லை. பதக்கத்தைப் பாத்துத்தான் தூக்கிக்கொண்டு வாறன். தாய் எங்கை?”

பிள்ளை வந்துவிட்டது, தாய் இல்லை, கூப்பிடப் பற்றரியும் இல்லை. அதிபர் அறை அறையாகப் போய் ரோர்ச் லைற் பற்றரி சேர்த்துக்கொண்டு வந்தார். எட்டு. எல்லாம் பழசு. மனைவி அவற்றை அடுப்பங்கரையில் வைத்துச் சூடு காட்டினாள். வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்பார்கள், வெயில் இல்லை. பப்பாசித் தண்டுக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, பன்னிரண்டு வோல்ற் என்று கணக்குப் பார்த்து வயரைத் தொட்டேன். லாம்பு எரிந்தது. அந்தப் பெண்ணின் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னேன். ‘மே’ என்று மாமரம் சொன்னது. அவ்வளவுதான்.

பொடியன் எங்களோடு இருந்தான். என் மகள் தன் பாயில் அவனுக்குப் பாதி கொடுத்தாள். அவன் கதைக்கவில்லை, ஆனால் கஞ்சி குடித்தான். மறுநாள் காலை அவனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் போனேன். கோயில் விறாந்தைகள் எல்லாம் சனம். எத்தனையோ பெண்கள் அவனைப் பார்த்துவிட்டு எழும்பினார்கள், பிறகு தங்கள் பிள்ளை இல்லை என்று கண்டு இருந்தார்கள். அதைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் அப்படிப் போய் வந்தேன். நாலாம் நாள், மிருசுவில் தாண்டி ஒரு சின்னக் கோயிலின் கிணற்றடியில், வரிசையில் வாளியோடு நின்றவளை அவன்தான் முதலில் கண்டான். இத்தனை நாள் வாய் திறக்காதவன், “அம்மா” என்று கத்தினான். நான் சைக்கிளை நிறுத்த முதலே குதித்துவிட்டான்.

அவள் முதலில் அவனுக்கு முதுகில் இரண்டு அடி போட்டாள். பிறகு கட்டிப்பிடித்தாள். நான் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். போகிற நேரம் என்னிடம் வந்து கேட்டாள்.

“அண்ணை, நான் கதைச்சது கேட்டுத்தானே வந்தவன்?”

“ஓம்” என்றேன்.

“நான் சொன்னனான்தானே. என்ரை குரல் கேட்டால் வருவான் எண்டு.”

“ஓம் தங்கச்சி.”

வெறும் சைக்கிளோடு திரும்பினேன். பள்ளிக்கூடத்தில் துண்டுகளைக் கொடுத்தவர்கள் இன்னும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் சும்மா வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அதிபர் துண்டுகளை வாசல் மதிலில் கோதுமைமாப் பசை பூசி ஒட்டினார். மழை இரண்டு நாளில் எழுத்தை எல்லாம் கரைத்தது. மறுபடி எழுதினார். வாசிக்க என்னிடம் குரல் இருந்தது, கத்திப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டவில்லை.

மாமாவைப் பற்றி அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது. எங்கள் ஒழுங்கையில் இடம்பெயராமல் நின்ற ஒரு வயதான புருசன் பெண்சாதி சொன்னார்கள். அந்த நெரிசலுக்குள் எப்படித் திரும்பினாரோ, அவர் அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டாராம். வந்து வளவைக் கூட்டினாராம். நாங்கள் எங்கே என்று கேட்டால், “பின்னாலை வருகினம்” என்று சொன்னாராம். பத்துப் பன்னிரண்டு நாளைக்குப் பிறகு கிணற்றடியில் விழுந்து கிடந்தாராம். சுடலைக்குக் கொண்டுபோக ஆளில்லை. இரண்டு பேருமாக இழுத்து, வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த பனங்கட்டைகளை அடுக்கி, வளவின் மேற்கு மூலையில் எரித்தார்களாம். கொள்ளி வைத்தது அந்தக் கிழவர்.

மனைவி அந்த மூலையில் நெடுநேரம் நின்றாள். புல் முளைத்திருந்தது. நான் பின்னால் போய் நின்றேன். ஒரு வருசமாக நெஞ்சுக்குள் கிடந்ததை அன்று சொன்னேன்.

“பாலத்தடியிலை சனம் தள்ளேல்லை. நான் பற்றரியைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன். அவரைப் பாத்துச் சொல்லேல்லை.”

அவள் திரும்பவில்லை.

“தெரியும்” என்றாள். “நீங்கள் குனிஞ்சதை நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். பிள்ளை கையிலை. திரும்பி வர ஏலாமல் போச்சு.”